கதவைத் தூக்கிச் சாத்துகிறீர்களா? பழைய காரின் கீல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

என் வண்டி 1996 மாடல் மாருதி 800. அதில் ஏறுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் நான் வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. டிரைவர் பக்கக் கதவு என்றால், "லேசா மேலே தூக்கி, அப்புறம் சாத்துங்க." இடது பின்கதவு என்றால், "இருங்க, நானே வந்து திறக்கிறேன்." முதல் கதவில் கீல் தேய்ந்திருந்தது. இரண்டாவதில் கீல் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், "கதவு சரியில்லை." ஆனால் ஒன்றில் இருக்கக்கூடாத இடைவெளி வந்துவிட்டது, இன்னொன்றில் இருக்க வேண்டிய இடைவெளி போய்விட்டது. வைத்தியமும் அதற்கேற்ப நேரெதிர்.

இரண்டையும் நான் தப்பாகத்தான் தொடங்கினேன். அதில் ஒரு தப்புக்கு வெல்டிங் கூலி கொடுத்தேன். அந்தக் கதை கீழே வரும்.

முதலில் தொடக்கூடாதது

கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் எல்லாருடைய கையும் முதலில் போவது ஸ்ட்ரைக்கருக்குத்தான். பில்லரில், அதாவது கதவை ஒட்டி நிற்கும் பாடித் தூணில், பூட்டு வந்து கவ்வுகிற அந்த வளையம். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்ளும். வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் கதவு இறங்கியது இறங்கியதுதான். கீலில் தேய்வு தொடரும், ஆறு மாதத்தில் மறுபடி தூக்கிச் சாத்த ஆரம்பிப்பீர்கள், ஸ்ட்ரைக்கரை மறுபடி இறக்குவீர்கள். ஒரு கட்டத்தில் அதற்கு மேல் இறங்க இடம் இருக்காது. அதற்குள் பூட்டின் நாக்கும் தேய்ந்திருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு வயதான டிங்கர், பாடித் தகடு வேலை செய்கிறவர். நான் ஸ்ட்ரைக்கரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "சார், பூட்டை விடுங்க. கதவு எங்க உட்காரணும்னு கீல்தான் சொல்லணும், பூட்டு சொல்லக்கூடாது" என்றார். ஆகவே ஸ்ட்ரைக்கர் இந்தக் கட்டுரையிலும் கடைசியில்தான் வரும்.

எங்கே ஆட்டம் என்று பார்ப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் மட்டும் திண்டில் ஏறியிருந்தாலோ, வண்டி ஜாக்கியில் நின்றாலோ, பழைய பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் பார்க்கிற கதவு இடைவெளி பொய் சொல்லும்.

கதவை ஓர் அடி அளவு திறந்து, பூட்டு இருக்கிற ஓரத்தின் அடியில் கையைக் கொடுத்து மேலே தூக்குங்கள், விடுங்கள், தூக்குங்கள். பலமாக வேண்டாம். கூட ஒருவர் இருந்தால் அவரைத் தூக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீலருகே உட்காருங்கள். கண்ணை நம்ப வேண்டாம், விரலை வையுங்கள். கீலின் இரண்டு காதுகள், அதாவது பின் கோத்திருக்கும் இரண்டு பாதிகள், சேருகிற இடத்தில், பாதி விரல் ஒரு காதிலும் பாதி விரல் மற்றதிலும் படும்படி வைத்தால், கால் மில்லிமீட்டர் ஆட்டம்கூட விரலில் தெரியும். மேல் கீலில் ஒரு முறை, கீழ்க் கீலில் ஒரு முறை. பிறகு விரலைக் கீல் தகடு பில்லரோடு சேருகிற ஓரத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் கதவோடு சேருகிற ஓரத்துக்கு.

ஆட்டம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். பின்னும் (கீல் சுற்றுகிற அச்சுக் கம்பி) புஷ்ஷும் (அது சுற்றுகிற உலோகக் குழல்) தேய்ந்திருக்கலாம், கீலைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது போல்ட் உட்கார்ந்திருக்கும் தகடே அசையலாம். மூன்றாவது என்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

இந்தச் சின்ன ஆட்டம் கதவின் நுனியில் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? கதவு 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை மையம் கீலிலிருந்து 50 செ.மீ தள்ளி இருக்கிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 30 செ.மீ. அப்படியென்றால் மேல் கீலை 33 கிலோ விசை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது, கீழ்க் கீலை அதே அளவு உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது, வண்டி சும்மா நிற்கும்போதுகூட. மேல் கீலில் 1 மி.மீ தேய்ந்தால், ஒரு மீட்டர் நீளக் கதவின் நுனி 3 மி.மீக்கு மேல் இறங்கும். ஸ்ட்ரைக்கரை இடிக்க அது போதும். கதவைப் பிடித்துத் தொங்கி இறங்குகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்தக் கணக்கில் அவருடைய எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது, ஆட்டம் பின்னில் இருக்கிறது

என் டிரைவர் பக்கக் கதவு இந்த ரகம். கிரீஸ் போட்டால் சத்தம் குறையும், ஆட்டம் குறையாது. தேய்ந்துபோன இரும்பு கிரீஸால் திரும்பி வராது.

உங்கள் வண்டிக்குக் கீல் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாருதி 800 நிறுத்தப்பட்டது 2014 ஜனவரியில்தான். ஏகப்பட்ட வண்டிகள் ஓடியதால் கதவுச் சாமான்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. சென்னையில் என்றால் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. கழற்றிய கீல் வாங்கினால் கடையிலேயே இரண்டு காதையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டிரைவர் பக்கக் கீல் எல்லா வண்டியிலும் அதிகம் உழைத்திருக்கும். அதே ஊரில், அதே வயதில், அதே மழையில் நின்ற வண்டியிலிருந்து வந்த கீல் உங்களுடையதைவிட மோசமாகவும் இருக்கலாம். மேல், கீழ், இடது, வலது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு என்பதால் பழைய கீலைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம்.

மாற்றும்போது ஒரு விதி: இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி மாற்றுகிறவரை மற்றது கதவைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். அப்படிச் செய்தால் கதவு தன் இடத்தை மறக்காது.

வரிசை இதுதான். ஃபெண்டரின் ஓரத்திலும் கதவின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் நிச்சயம் உதிரும். கதவு ஸ்டாப்பரை, அதாவது கதவைத் திறந்த நிலையில் நிறுத்துகிற பட்டையை, கழற்றுங்கள். பவர் விண்டோவோ சென்ட்ரல் லாக்கோ பின்னால் போட்டிருந்தால் அந்த ஒயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் அடியில் ஜாக்கி, அதன் மேல் ஒரு மரப்பலகை, அதன் மேல் மடித்த பழைய துண்டு. ஜாக்கி கதவைத் தூக்கக்கூடாது, தாங்க வேண்டும். கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள், பில்லர் பக்கமும் கதவுப் பக்கமும். அந்தக் கோடுதான் திரும்பி வர வழி. சில வண்டிகளில் பில்லர் பக்க போல்ட் ஃபெண்டரைக் கழற்றாமல் தெரியாது. ஸ்பேனரை எடுக்கும் முன் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 8 மி.மீ போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12-ஆம் நம்பர் ஸ்பேனர். ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டுத் தலையை மழுக்கிவிட்டால் பிறகு அந்தத் தலையோடு ஒரு நாள் போராட வேண்டும்.

கீல் கிடைக்கவே கிடைக்காத வண்டிகள் உண்டு. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த அம்பாசடர் 2014-இல் நின்றுபோனது. பியட், பத்மினி எல்லாம் அதற்கும் முன்பே. இவற்றுக்கு நல்ல கீல் தேடி அலைவதைவிட லேத் பட்டறைக்குப் போவது மேல்.

கீலைக் கழற்றிப் பின்னைத் தட்டி எடுத்ததும் பாருங்கள். பின்னின் நடுவில் ஒரு இடுப்பு விழுந்திருக்கும். என்னுடையதை நகத்தால் தடவியபோதே பள்ளம் தட்டியது. ஓட்டையும் வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். இங்கே புதுப் பின்னை மட்டும் போட்டால் பாதி வேலைதான். முட்டை ஓட்டையில் வட்டப் பின் ஆடத்தான் செய்யும். ஓட்டையை ரீமர் போட்டு அடுத்த அளவுக்கு வட்டமாக்கி, அதற்குத் தகுந்த தடிமனில் பின் கடைய வேண்டும். 8 மி.மீ பின் என்றால் ஓட்டையை 8.5-க்கு ரீமர் செய்து 8.5 பின். காதில் சதை மிச்சம் இருந்தால் இன்னும் பெரிதாகத் துளைத்து, கன் மெட்டல் புஷ் அடித்து, பழைய அளவுப் பின்னையே போடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அடுத்த முறை தேயும்போது புஷ் தேயும், கீல் தப்பிக்கும்.

லேத்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பின்னுக்கு ஈ.என். 8 என்கிற கடினமான எஃகுக் கம்பி போதும், சாதா மைல்டு ஸ்டீல் வேண்டாம். பின் ஒரு காதில் இறுக்கமாக உட்கார்ந்து, மற்றதில் வழுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டிலும் லூஸாக விட்டால் பின் தானே சுற்றி, மெல்ல ஏறி, ஒரு நாள் ரோட்டில் விழும். அவசரத்துக்கு ஆணியை அடித்துத் தலையை வெட்டிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆணி இளகிய இரும்பு, சீக்கிரமே இடுப்பு விழுந்துவிடும்.

சில வண்டிகளில் கீல் போல்ட்டில் இல்லாமல் பில்லரோடு வெல்டு ஆகியிருக்கும். அங்கே கீலைக் கழற்ற முடியாது, பின்னை மட்டும்தான் தட்டி எடுக்க முடியும். ரீமர் வேலையை வண்டியிலேயே செய்ய வேண்டும். கதவு கழன்று கையில் வரும் என்பதால் இதற்கு இரண்டு பேர் கட்டாயம்.

அறிகுறி: தூக்கினால் ஆட்டம், ஆனால் பின் இறுக்கமாக இருக்கிறது

கீல் தகட்டின் ஓரத்தில் விரல் வைத்தபோது அது பில்லரை விட்டு மூச்சு வாங்குகிறதென்றால் போல்ட் தளர்வு. பெயின்ட்டில் ஒரு மெல்லிய விரிசல் கோடும் அதன் வழியே துருத் தண்ணீர் இறங்கிய தடமும் இருக்கும். போல்ட் சும்மா தளர்ந்திருந்தால் அதிர்ஷ்டம். கதவைத் தாங்கிப் பிடித்து இறுக்கினால் முடிந்தது. இறுக்கும்போது போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போயிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் நட்டின் வெல்டு விட்டிருக்கலாம், கீழே படியுங்கள்.

அறிகுறி: கிறீச் என்கிறது, ஆனால் இலகுவாகத் திறக்கிறது

எண்ணெய் இல்லை, அவ்வளவுதான். பழைய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, பின்னின் மேல் நுனியில் இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் விட்டு, கதவைப் பத்து முறை ஆட்டி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பிறகு லித்தியம் கிரீஸ் கொஞ்சம். டபிள்யூ.டி. 40-ஐ அடித்துவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அது ஊடுருவும், துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும். நாள்பட நின்று உழைக்கிற உயவு அது இல்லை.

அறிகுறி: கதவு கனக்கிறது, திறந்த இடத்திலேயே நிற்கிறது, தள்ளினால் பாடி முனகுகிறது

இதுதான் என் இடது பின்கதவு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் வண்டி கதவின் பாதி வரை இரண்டு நாள் நின்றது. என்ஜினுக்கும் சீட்டுக்கும் ஓடிய ஓட்டத்தில் கீலை யார் நினைத்தார்கள்? தண்ணீர் வடிந்தது, வண்டல் கீலுக்குள் தங்கிவிட்டது. நாலைந்து மாதம் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. திறக்கப் போனபோது திறந்தது, ஆனால் ஒரு மாதிரி "ங்ங்" என்று முனகிக்கொண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன். திரும்பச் சாத்தினேன். இன்னும் இரண்டு முறை திறந்து சாத்தினால் இளகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் கதவு ரொம்ப இலகுவாகிவிட்டது. கீல் இளகவில்லை. நடுப் பில்லரின் தகடு கிழிந்து, கீல் தகட்டோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். கதவின் நுனியில், கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 10 கிலோ விசையில் தள்ளுகிறோம். கீல் சுற்றவில்லை. அந்த முறுக்கு முழுவதையும் பில்லரில் 3 செ.மீ அகலத்தில் உட்கார்ந்திருக்கும் போல்ட்டுகள் தாங்க வேண்டும். 300 கிலோவுக்கு மேல் வருகிறது. தகடோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அது கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கதவு என்பது கீலைப் பொறுத்தவரை ஒரு மீட்டர் நீளக் கடப்பாரை.

ஆகவே பாடி முனகுகிறது என்றால் அந்த நொடியே கையை எடுங்கள். கதவு பாதி திறந்து நின்றாலும் அப்படியே நிற்கட்டும்.

முதலில் தண்ணீர். ஆமாம், துருப்பிடித்த கீலுக்குத் தண்ணீர்தான். மண் இருக்கிற கீலில் எண்ணெய் விட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாளைக் குழைத்த மாதிரி ஆகிவிடும். இளகிய பிறகு ஒவ்வொரு அசைவும் பின்னை அரைக்கும். பைப்பால் நன்றாக அடித்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு, காற்று பம்ப் இருந்தால் ஊதிவிட்டு, அதற்கப்புறம்தான் எண்ணெய். கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கும் இதே முறைதான், உப்பு கரைய வேண்டும்.

எண்ணெய் என்றால் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், துரு இளக்கும் ஸ்பிரே, மண்ணெண்ணெய், அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது. கடைசியாகச் சொன்னது நன்றாக ஊடுருவும், ஆனால் பெயின்ட்டைக் கரைக்கும், எளிதில் தீப்பிடிக்கும். கிளவுஸ் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுங்கள். பின்னின் மேல் நுனியில் விடுவது சுலபம், இறங்கிவிடும். கீழ் நுனிக்குக் குழாய் வைத்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். இரண்டு காதுகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய கோட்டிலும் விடுங்கள், உள்ளே போகிற வாசல் அதுதான். காலை, மாலை, இரண்டு நாள். இடையிடையே சின்னச் சுத்தியலால் கீலின் காதில் டொக் டொக் என்று தட்டுங்கள். உடைக்கிற அடி இல்லை, அதிரவைக்கிற அடி. துரு இரும்பைவிட இடம் அதிகம் பிடிக்கிற சரக்கு. அதனால்தான் பின் இறுகுகிறது. அதிர்ந்தால் துரு பொடியும், எண்ணெய் இறங்கும்.

மூன்றாம் நாள் கதவைத் தொடுங்கள். முழுக்கத் திறக்காதீர்கள். இரண்டு விரல்கடை அளவு முன்னும் பின்னும், முன்னும் பின்னும். இன்னொருவர் பில்லரில் கையை வைத்துப் பார்க்கட்டும். பில்லர் அசைந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய். கீலிலிருந்து செந்நிறத்தில் சேறு மாதிரி வழிய ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள், உள்ளே வேலை நடக்கிறது. துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய். அசைவை ஒரு கை அளவுக்கு, பிறகு ஓர் அடிக்கு என்று கூட்டுங்கள். வழிகிற எண்ணெய் தெளிவாக வருகிறவரை இதைச் செய்யுங்கள்.

மூன்று நாளிலும் அசையவில்லையா? கதவைக் கழற்றிக் கீலைத் தனியாக எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கழற்றிய கீலை ஒரு டப்பா மண்ணெண்ணெயில் ஓர் இரவு மூழ்க வைத்து, வைஸில் பிடித்து, குட்டைக் கம்பியால் இளக்கலாம். பில்லருக்கு ஆபத்தே இல்லை. சூடு காட்டுவதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் இருக்கும் கீலில் கேஸ் டார்ச் காட்டுகிற பட்டறைகள் உண்டு. அந்தப் பில்லருக்குள் ஒயர் ஓடுகிறது, தார்ப் பட்டை ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் தடுக்கிற பீடிங் ரப்பர், மேலே நீங்களே இரண்டு நாளாக ஊற்றிய எண்ணெய். வேண்டாம்.

இன்னொன்றும் வேண்டாம். இறங்கிய கதவைச் சரிசெய்ய, கீலின் நடுவில் ஒரு மரக்கட்டையையோ ஸ்பேனரையோ கொடுத்துக் கதவை அழுத்திச் சாத்துகிற பழைய வித்தை ஒன்று உண்டு. கீல் தகடு லேசாக வளைந்து கதவு இடத்துக்கு வரும். நல்ல கை இருந்தால், நல்ல கீலில், அது பலிக்கும். பிடித்துக்கொண்ட கீலிலோ துருத்தின்ற பில்லரிலோ அதைச் செய்தால் என் வண்டிக்கு ஆனதுதான் ஆகும்.

இளகிய கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று மறுபடி விரல் வைத்துப் பாருங்கள். துரு தின்ற பின் மெலிந்திருக்கும். இருந்தால் மேலே சொன்ன லேத் வேலை.

அறிகுறி: போல்ட் தலை மழுங்கிவிட்டது, ஒடிந்துவிட்டது, அல்லது சும்மா சுற்றுகிறது

மழுங்கினால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டு போட்டு, அந்த நட்டைத் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கீல் ஸ்டார் ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளுக்குச் சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். சாதா ஸ்க்ரூடிரைவர் நாலு முறை வழுக்கினால் ஸ்க்ரூவில் பூவே இருக்காது.

ஒடிந்தால் நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்கி, மெதுவாகத் துளைக்க வேண்டும். 8 மி.மீ போல்ட்டுக்கு 6.8 மி.மீ பிட் வரை போய், 8-க்கு 1.25 பிட்ச் டேப் (மரை வெட்டுகிற கருவி) போட்டால் மரை திரும்பி வரும். அம்பாசடர் மாதிரி ஆங்கிலேய வழி வண்டிகளில் இஞ்சுக் கணக்கு, மில்லிமீட்டர் டேப்பைக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். போல்ட் முடிவில்லாமல் சுற்றினால் பில்லருக்குள் இருக்கும் நட்டின் வெல்டு விட்டிருக்கலாம். உள்பக்கம் ட்ரிம்மைக் கழற்றிக் கைவிடுகிற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளிருந்து ஸ்பேனர் போடலாம். இல்லாவிட்டால் டிங்கர்தான்.

அறிகுறி: பாதியில் டக் என்கிறது, அல்லது திறந்து வைத்தால் நிற்காமல் சாத்திக்கொள்கிறது

கீல் மேல் பழி போடாதீர்கள். இது கதவு ஸ்டாப்பர். இரண்டு கீலுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பட்டையின் ரோலரோ பின்னோ தேய்ந்திருக்கிறது. மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாப்பர் இல்லாத கதவு காற்றடிக்கும்போது முழுக்கத் திறந்து ஃபெண்டரில் மோதும், அந்த அடி நேராகக் கீலுக்குத்தான் போகும். 1960-களின் தொடக்கம் வரை வந்த பழைய பியட் 1100 வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் முன்கதவின் கீல் பின்பக்கம். ஓடும்போது பூட்டு விட்டால் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும்.

அறிகுறி: பில்லர் தகடே அசைகிறது

கதவைத் தூக்கும்போது கீலோடு சேர்ந்து பில்லரின் பெயின்ட் சுருங்கி விரிகிறதா? கீலைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசலா? இதை வீட்டில் செய்ய முயல வேண்டாம், பட்டி வைத்து மறைக்கவே வேண்டாம். டிங்கரிடம் போகும்போது இரண்டு கேளுங்கள். விரிசல் மேலேயே வெல்டு ஓட்டாமல், பின்னால் ஒரு தகடு வைத்து, சுமை பரவும்படி பற்றவைக்க வேண்டும். வெல்டு ஆறியதும் ரெட் ஆக்சைடு, உள்பக்கமும். பில்லருக்குள் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைத்திருந்தால் குத்திவிடச் சொல்லுங்கள். நான் முதலில் போன பட்டறையில் விரிசல் மேல் ஒரு கோடு வெல்டு போட்டு, பட்டி தடவி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, வெல்டின் ஓரத்திலேயே புது விரிசல் விழுந்தது. இரண்டாவது இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள், இன்றுவரை நிற்கிறது.

அறிகுறி: கீல் சரி, ஆனால் இடைவெளி கோணல், மழையில் தண்ணீர் வருகிறது

இப்போதுதான் கதவை உட்காரவைக்கிற வேலை. கண் பார்க்க வேண்டியது கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள கோடு. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு அட்டையை நாலாக மடித்து அந்த இடைவெளியில் ஓட்டிப் பார்த்தால் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று தெரிந்துவிடும்.

போல்ட்டுகளைப் பாதி தளர்த்துங்கள், கதவு தள்ளினால் நகர வேண்டும், தானாக விழக்கூடாது. ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்க, மார்க்கர் கோட்டை வைத்து ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று நகர்த்துங்கள். எந்தப் பக்க போல்ட் மேல்கீழுக்கு, எது உள்வெளிக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஓட்டை எந்தத் திசையில் நீளமாக இருக்கிறதோ அந்தத் திசைக்குத்தான் கீல் நகரும். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். இறுக்கி, ஜாக்கியை இறக்கி, அப்புறம் பாருங்கள். ஜாக்கி இருக்கும்போது எல்லாக் கதவும் நேராகத்தான் இருக்கும். நான் இதற்கு ஒரு ஞாயிறு முழுவதும் எடுத்துக்கொண்டேன், ஏழோ எட்டோ முறை தளர்த்தி இறுக்கினேன்.

பீடிங் ரப்பரைப் புதிதாகப் போட்டிருந்தால் முதல் ஒரு வாரம் கதவு முரண்டு பிடிக்கும். அதற்காகக் கீலை நகர்த்தாதீர்கள், ரப்பர் படியட்டும்.

கோடு நேரான பிறகு ஸ்ட்ரைக்கர். இரண்டு ஸ்க்ரூவையும் முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். பல வண்டிகளில் பின்னால் உள்ள நட் தகடு பில்லருக்குள் விழுந்துவிடும், பிறகு காந்தம் கட்டித் தேட வேண்டும். லேசாகத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, கதவை மெதுவாகச் சாத்துங்கள். பூட்டே வளையத்தைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். கதவை அசைக்காமல் திறந்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பீடிங்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக இறுக்கிப் பிடித்து, ஆனால் கிழியாமல் வர வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் அப்படி வந்தால் ஸ்ட்ரைக்கர் சரியாக இருக்கிறது. மேலே மட்டும் சும்மா வழுக்கி வந்தால் மேல் கீலுக்குத் திரும்பிப் போங்கள்.